‘இன் டெத்’ நாவல் வரிசை: எங்கே தொடங்குவது, எப்படிப் படிப்பது?

ஜே. டி. ராப் எழுதிவரும் ‘இன் டெத்’ வரிசையில் 1995 தொடங்கி 2025 முடிய 61 நாவல்கள் வந்திருக்கின்றன. தொகுப்பு நூல்களில் வெளியான பத்துக் குறுநாவல்கள் தனிக்கணக்கு. புதிதாக வருபவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்த்தே மலைத்துப் போகிறார்கள். எதிலிருந்து தொடங்குவது, எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தாக வேண்டுமா, நடுவில் சிலவற்றை விட்டால் கதை புரியுமா? மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. இந்த வரிசையின் ஒவ்வொரு புத்தகத்திலும் இரண்டு கதைகள் ஓடுகின்றன, இரண்டும் வெவ்வேறு வேகத்தில்.

ஒன்று, வழக்கு. முதல் சில பக்கங்களுக்குள் ஒரு பிணம் விழும். கடைசி அத்தியாயங்களில் கொலையாளி விசாரணை அறையில் உட்கார்ந்திருப்பான். அந்த வழக்கு அநேகமாக அதோடு முடிந்தது. மற்றொன்று, வாழ்க்கை. நியூயார்க் கொலைப்பிரிவு லெப்டினன்ட் ஈவ் டாலஸ், அவள் கணவனாகப்போகும் ரோர்க், உடன் வேலை செய்பவர்கள், தோழிகள் ஆகியோரின் கதை இது. எந்தப் புத்தகத்திலும் இது முடிவதில்லை. வழக்குக்காக மட்டும் படிப்பவர் கையில் கிடைத்த நாவலை எடுத்துப் படித்துவிட்டுப் போகலாம், ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் இந்த வரிசை முப்பது வருடமாக வாசகர்களைப் பிடித்து வைத்திருப்பது இரண்டாவது கதையால்தான். அதைத் தவறவிட்டால் கிடைப்பது சுமாரிலிருந்து நன்று வரையிலான போலீஸ் நாவல்கள் மட்டுமே.

ஜே. டி. ராப் என்பது புனைபெயர். அமெரிக்காவின் மேரிலாந்தில் வாழும் நோரா ராபர்ட்ஸ் காதல் நாவல்களில் பெரும் பெயர் பெற்றவர். பதிப்பாளர்கள் வெளியிடும் வேகத்தை மிஞ்சி எழுதியதால் அவருக்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டது. மகன்கள் ஜேசன், டேன் இருவரின் முதலெழுத்துகளோடு தன் குடும்பப் பெயரின் முன்பாதியைச் சேர்த்து ராப் ஆனார். இருவரும் ஒருவரே என்பது சில ஆண்டுகள் கழித்தே வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. இந்தத் தகவலுக்கு நடைமுறைப் பயனும் உண்டு. நோரா ராபர்ட்ஸின் காதல் நாவல்களைப் படித்தவர்கள் அதே மென்மையை இங்கே எதிர்பார்த்து வந்தால் முதல் அத்தியாயத்திலேயே அதிர்ந்து போவார்கள். இங்கே ரத்தம் அதிகம், நாயகி முரட்டு ஆள், வாயைத் திறந்தால் வசவு.

ரொமான்டிக் சஸ்பென்ஸ் என்ற வகை வாசகருக்கு இரண்டு வாக்குறுதிகள் தருகிறது: குற்றம் துலங்கும், காதலர்கள் சேர்வார்கள். வழக்கமாக இந்த வகையில் வரிசையாக எழுதுபவர்கள் ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு புது ஜோடியைக் கொண்டுவருவார்கள். முந்தைய நாயகனின் தம்பியோ நாயகியின் தோழியோ அடுத்த புத்தகத்தின் கதாநாயகர் ஆவார்கள். ராப் அப்படிச் செய்யவில்லை. முதல் நாவலின் ஜோடியே அறுபத்தொன்றாவதிலும் ஜோடி. மூன்றாவது நாவலின் முடிவில் திருமணம் நடந்துவிடுகிறது. (இது ரகசியமல்ல, நான்காவது நாவல் தேனிலவில்தான் தொடங்குகிறது.) ‘சேர்வார்களா’ என்ற கேள்வி அதோடு தீர்ந்து, ‘சேர்ந்தபின் எப்படி வாழ்வார்கள்’ என்ற கேள்வி தொடங்குகிறது. சிறுவயதில் கொடுமை அனுபவித்து, யாரையும் நம்பிப் பழகாத ஒரு பெண். டப்ளின் தெருக்களில் திருடி வளர்ந்து, இப்போது உலகத்தில் பாதியை வாங்கிப் போட்டிருக்கும் ஒருவன். அவள் சட்டத்தைக் காப்பவள், அவன் சட்டத்தை வளைத்தே முன்னுக்கு வந்தவன். சண்டைக்குக் காரணம் தேடி ஆசிரியர் எங்கும் போக வேண்டியதில்லை.

கதை 2058 பிப்ரவரியில் தொடங்குகிறது. எதிர்காலம் என்றதும் அறிவியல் புனைகதையை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். இங்கே எதிர்காலம் மேடையின் பின்திரைதான். நகர்ப்போர்கள் என்ற உள்நாட்டுக் கலவரக் காலம் முடிந்திருக்கிறது. துப்பாக்கி தடை செய்யப்பட்டுவிட்டது, சேகரிப்பாளர்கள் மட்டும் உரிமம் வைத்துப் பழைய துப்பாக்கிகளை வைத்திருக்கலாம். பாலியல் தொழில் உரிமம் பெற்ற தொழில். மனிதர்கள் 120 வயதை ஒட்டி வாழ்கிறார்கள், ஆகவே அறுபது வயதுக்காரரை யாரும் கிழவர் என்பதில்லை. பூமிக்கு வெளியே குடியிருப்புகளும் சிறைகளும் உண்டு. உண்மையான காபி பணக்காரர்களுக்கு மட்டும். மற்றவர்களுக்குச் சோயாவில் செய்த ஏதோ ஒன்று. அந்தக் காபியை வைத்தே ரோர்க் ஈவின் மனதில் இடம்பிடிக்கிறான் என்றால் மிகையில்லை.

1995இல் உட்கார்ந்து கற்பனை செய்த 2058 என்பதை மறக்க வேண்டாம். முகம் பார்த்துப் பேசும் சட்டைப்பைத் தொலைபேசி அன்று கனவு, இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. அதே சமயம் போலீஸ்காரர்கள் தகவல்களை வட்டுகளில் பதிந்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இதைப் பிழையாக எண்ணி மூளையைக் குழப்பிக்கொள்ளாமல் அந்த உலகத்தின் வழக்கம் என்று கடந்து போவது நல்லது.

நாட்காட்டி எப்படி நகர்கிறது?

புதியவர்கள் தடுக்கி விழும் முக்கியமான இடம் இதுதான், பலரும் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. கதைக்குள் காலம் மிக மெல்ல நகர்கிறது. முதல் கிறிஸ்துமஸ் வருவது ஏழாவது நாவலான ‘ஹாலிடே இன் டெத்’தில், வெளியான ஆண்டு 1998. அடுத்த கிறிஸ்துமஸ் 22ஆவது நாவலான ‘மெமரி இன் டெத்’தில், 2006. மூன்றாவது கிறிஸ்துமஸ் 39ஆவதான ‘ஃபெஸ்டிவ் இன் டெத்’தில், 2014. அதாவது வெளியே எட்டு ஆண்டு ஓடினால் உள்ளே ஓர் ஆண்டு. ஓர் ஆண்டுக்குள் பதினைந்து, பதினேழு வழக்குகள். சராசரியாக மூன்று வாரத்துக்கு ஒரு கொலைகாரன்! நான்காவது கிறிஸ்துமஸ் இன்னும் வந்தபாடில்லை. 2014க்குப் பின் வந்த இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள் பெரும்பாலும் 2061க்குள்ளேயே நடக்கின்றன.

இதனால் விளைவது என்ன? முந்தைய புத்தகத்தில் ஈவுக்கு விழுந்த அடி அடுத்த புத்தகத்தில் இன்னும் ஆறியிருக்காது. ‘போன மாதம் அந்த வழக்கில்’ என்று யாராவது சொன்னால் அது ஒரு முழு நாவலைச் சுட்டுகிறது. ஈவின் தோழி மேவிஸ் கருவுற்ற செய்தி வந்து பல நாவல்கள் கழித்துத்தான், 23ஆவதான ‘பார்ன் இன் டெத்’தில் பிரசவம் நடக்கும். இத்தனை புத்தகம் வந்தும் ஈவுக்கும் ரோர்க்குக்கும் ஏன் குழந்தை இல்லை என்று கேட்பவர்களுக்கும் பதில் இதுவே: அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம்தான் ஆகிறது.

தாவித் தாவிப் படிப்பதில் உள்ள சிக்கலும் இங்கேதான். ஐந்தாவது நாவலிலிருந்து நாற்பதாவதுக்குத் தாவினால் கதைக்குள் இரண்டு வருடம்தான் போயிருக்கும். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் பத்துப் பதினைந்து பேர் புதிதாக வந்து, மணந்து, பதவி உயர்ந்து, நண்பர் குழாமில் சேர்ந்திருப்பார்கள். ஒரு விருந்துக் காட்சி வந்தால் யார் யார் என்று விரல் விட்டு எண்ண வேண்டியிருக்கும்.

முதல் மூன்று

தொடங்க வேண்டியது ‘நேக்கட் இன் டெத்’ (1995). அதன்பின் ‘குளோரி இன் டெத்’ (1995), ‘இம்மார்ட்டல் இன் டெத்’ (1996). இந்த மூன்றையும் இதே வரிசையில் படித்துவிட வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. முதலில் மூன்று புத்தகமாகவே திட்டமிடப்பட்டது என்பது படிக்கும்போதே தெரியும்: முதலாவதில் சந்திப்பு, இரண்டாவதில் இழுபறி, மூன்றாவதில் திருமணம். ஒரு முழுக் காதல் கதையின் வளைவு அங்கே பூர்த்தியாகிறது. இங்கேயே நிறுத்திக்கொண்டாலும் குறைபட்ட உணர்வு இருக்காது.

முதல் நாவலின் வழக்கு இது: ஒரு செனட்டரின் பேத்தி, உரிமம் பெற்ற பாலியல் தொழிலாளி, அருங்காட்சியகத்தில் இருக்க வேண்டிய ஒரு பழைய துப்பாக்கியால் சுடப்பட்டுக் கிடக்கிறாள். அந்தக் காலத் துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்கள் மிகச் சிலர், ரோர்க் அவர்களில் ஒருவன். ஆக, நாயகன் முதலில் சந்தேகப் பட்டியலில்தான் நுழைகிறான். உதவியாளர் பீபடி முதல் நாவலில் இல்லை. இரண்டாவதில் எட்டிப் பார்த்து, மூன்றாவதில் ஈவின் பக்கத்தில் நிலைபெறுகிறாள். மேவிஸ், மின்னணுப் பிரிவுத் தலைவர் ஃபீனி, மனநல மருத்துவர் மீரா, தொலைக்காட்சி நிருபர் நாடின், ரோர்க்கின் வீட்டு நிர்வாகி சம்மர்செட் ஆகியோர் எல்லாம் இந்த மூன்றுக்குள் அறிமுகமாகிவிடுகிறார்கள். கலஹாட் என்ற குண்டுப் பூனை முதல் நாவலிலேயே வந்துவிடும், பிறகு போகவே போகாது.

முதல் நாவல் சிலருக்குப் பிடிக்காமல் போகும், அதற்குக் காரணமும் ஊகிக்கக்கூடியதே. ரோர்க் அதில் 1990களின் காதல் நாவல் நாயகன். அனுமதி கேட்காமல் நெருங்குவான், அவளுக்கு எது நல்லது என்று தானே முடிவு செய்வான், பணத்தால் கதவுகளைத் திறப்பான். இன்றைய வாசகருக்கு உறுத்தும். அந்த உறுத்தல் ஈவுக்கும் இருக்கிறது. பின்னால் வரும் சண்டைகள் பலவற்றின் வேர் இந்தக் குணமே. எனவே முதலாவதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாமல் மூன்றாவது வரை போய்ப் பார்ப்பது நியாயம். மூன்றாவதும் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடலாம். நாற்பதாவது நாவலில் ஒட்டப்போவதில்லை.

மூன்றுக்குப் பிறகு

நேரம் இருப்பவர்களுக்கு அப்படியே வரிசையாகப் போவதுதான் வழி. இல்லாதவர்கள் ஏதாவது ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு போகலாம். மூன்று இழைகள் வலுவானவை.

முதலாவது ஈவின் கடந்தகாலம். எட்டு வயதில் டாலஸ் நகரத்தின் ஒரு சந்தில் அடிபட்டுக் கிடந்தவள் அவள். பெயர்கூடத் தெரியாததால் அந்த ஊரின் பெயரையே குடும்பப் பெயராக அதிகாரிகள் வைத்தார்கள். அதற்கு முன் நடந்தது அவளுக்கு நினைவில்லை. கனவுகளில் துண்டு துண்டாக வருகிறது. இந்த இழை எல்லா நாவலிலும் கொஞ்சம் தென்படும் என்றாலும், அது பெரிதாக நகர்வது 14ஆவதான ‘ரீயூனியன்’ (2002), 18ஆவதான ‘டிவைடட்’ (2004), 22ஆவதான ‘மெமரி’, 33ஆவதான ‘நியூயார்க் டு டாலஸ்’ (2011) ஆகியவற்றில். கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் முழு நாவல்களில் ‘இன் டெத்’ என்ற தலைப்பு வழக்கத்தை மீறியது. மீறியதற்குக் காரணம் இருக்கிறது. அதை மற்ற மூன்றுக்கு முன்னால் படிப்பது இந்த வரிசையில் ஒரு வாசகர் தனக்குத் தானே செய்துகொள்ளக்கூடிய மிகப் பெரிய அநியாயம். பின்னட்டை வாசகத்தைக்கூடப் படிக்காமல் இருப்பது உத்தமம்.

இரண்டாவது ரோர்க்கின் இழை. ஆறாவதான ‘வெஞ்சன்ஸ்’ (1997) அவனுடைய அயர்லாந்து நாட்களைக் கிளறுகிறது. பன்னிரண்டாவதான ‘பிட்ரேயல்’ (2001) பழைய நட்பு ஒன்றைக் கொண்டுவருகிறது. பதினாறாவதான ‘போர்ட்ரெய்ட்’ (2003) அவன் பிறப்பு பற்றி அவனே நம்பியிருந்ததைப் புரட்டிப் போடுகிறது. 24ஆவதான ‘இன்னசென்ட்’ (2007) திருமணக் கதையாகவே படிக்கத்தக்கது. ரோர்க்கின் முன்னாள் காதலி ஒருத்தி வந்து சேர்கிறாள், கொலை வழக்கைவிட அந்த மூவர் உட்காரும் காட்சிகளில்தான் பதற்றம் அதிகம்.

மூன்றாவது பீபடி. சீருடையில் வந்தவள் துப்பறிவாளர் தேர்வை எதிர்கொள்வது பதினேழாவதான ‘இமிடேஷன்’ (2003) நாவலில். 32ஆவதான ‘ட்ரெச்சரி’ (2011) அவளைத் தனியாக ஓர் இக்கட்டில் மாட்டிவிடுகிறது: உடற்பயிற்சிக் கூடத்தின் குளியலறையில் இருக்கும்போது, அதே துறையின் ஊழல் அதிகாரிகள் பேசுவது காதில் விழுகிறது. அந்த ஓர் அத்தியாயத்துக்காகவே படிக்கலாம்.

இழை எதுவும் வேண்டாம், முதல் மூன்றுக்குப் பின் ஒரு நல்ல வழக்கு போதும் என்பவர்களுக்குப் பத்தாவதான ‘விட்னஸ்’ (2000) ஏற்றது. நாடக மேடையில், ஈவ் உட்பட அரங்கம் நிறைந்த பார்வையாளர்கள் கண்முன்னே ஒரு நடிகன் குத்தப்படுகிறான். இருபதாவதான ‘சர்வைவர்’ (2005) வேறு வகை: ஒரு குடும்பம் முழுவதும் கொல்லப்பட்ட வீட்டில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் தப்பிக்கிறாள். குழந்தைகளோடு பழகத் தெரியாத ஈவின் பொறுப்பில் அவள் வந்து சேர்கிறாள். வரிசையின் மிகச் சிறந்த நாவலாக இதைச் சொல்பவர்கள் ஏராளம், அதில் நியாயமும் இருக்கிறது.

எண்களில் வரும் குழப்பம்

தலைப்புகளை வைத்து வரிசையைக் கண்டுபிடிக்க முடியாது. எல்லாம் ‘ஏதோ ஒன்று இன் டெத்’. எண்ணை நம்பலாமா என்றால் அதிலும் தகராறு. சில பட்டியல்கள் குறுநாவல்களுக்கு 7.5, 12.5 என்று அரை எண் கொடுக்கின்றன. வேறு சில அவற்றுக்கும் முழு எண் கொடுத்துவிடுவதால் பின்னால் வருபவை எல்லாம் தள்ளிப்போகும். முழு நாவல்களை மட்டும் எண்ணினால் ‘கோல்டன் இன் டெத்’ (2020) ஐம்பதாவது. ஒரு பட்டியலில் அது ஐம்பதாக இல்லாவிட்டால் அந்தப் பட்டியல் குறுநாவல்களையும் சேர்த்து எண்ணுகிறது என்று அறிந்துகொள்ளலாம். பாதுகாப்பான வழி, நூலின் உள்பக்கத்தில் முதல் பதிப்பு ஆண்டைப் பார்ப்பது. மறுபதிப்பின் ஆண்டைப் பார்த்து ஏமாற வேண்டாம். வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு நாவல்கள் என்பதால், ஆண்டு தெரிந்தால் இடம் தெரிந்துவிடும்.

குறுநாவல்களில் ‘மிட்நைட் இன் டெத்’ (1998) மட்டும் அவசியம் என்று சொல்லத்தக்கது. ஏழாவது நாவலின் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு நடக்கிறது. மற்றவை விருப்பம்போல. ‘ரிமெம்பர் வென்’ (2003) என்ற நூலில் மட்டும் கவனம் தேவை. அதன் முன்பாதியை நோரா ராபர்ட்ஸ் என்ற பெயரில் இன்றைய காலத்துக் கதையாகவும், பின்பாதியை ராப் என்ற பெயரில் ஈவின் வழக்காகவும் எழுதியிருக்கிறார். பின்பாதி பிற்பாடு ‘பிக் ஜாக்’ என்ற தலைப்பில் தனி நூலாகவும் வந்தது. இரண்டையும் காசு கொடுத்து வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. முன்பாதி இல்லாமல் பின்பாதியின் வைரத் திருட்டு பாதிதான் புரியும் என்பதால் முழு நூலையே வாங்குவது மேல்.

விசாரணை போகும் விதம்

வழக்கின் ஓட்டம் ஏறக்குறைய எல்லா நாவலிலும் ஒரே தடத்தில் போகும். அதைத் தெரிந்துகொண்டால் ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறினாலும் கதை கைவிடாது. ஈவ் சம்பவ இடத்துக்கு வருவாள். கைகளிலும் காலணிகளிலும் ‘சீல்-இட்’ என்ற பூச்சைத் தெளித்துக்கொள்வாள், தன் தடயம் கலந்துவிடாமல் இருக்க. சட்டையில் மாட்டிய பதிவுக் கருவியை இயக்கிப் பெயரும் நேரமும் சொல்வாள். விரல்ரேகையால் பிணத்தை அடையாளம் காண்பதும், கருவியால் இறந்த நேரத்தைக் கணிப்பதும் அடுத்து. பிறகு ‘ஸ்வீப்பர்’ எனப்படும் தடயவியல் ஆட்கள் வருவார்கள். உறவினரிடம் சாவுச் செய்தி சொல்லும் காட்சி ஒவ்வொரு நாவலிலும் உண்டு, ராப் அதை ஒருபோதும் ஒப்புக்கு எழுதுவதில்லை. அப்புறம் அலுவலகத்தில் ஒரு பலகை, வீட்டில் ஒரு பலகை. செத்தவர் படம் நடுவில், சுற்றிலும் மற்றவர்கள். பிணவறையில் மோரிஸ், ஆய்வகத்தில் எதையாவது லஞ்சமாகக் கேட்கும் பெரென்ஸ்கி, கொலையாளியின் மனப்போக்கைச் சொல்ல மீரா, கணினிகளைக் குடைய ஃபீனியும் மெக்நாபும். இரவில் வீட்டில் ரோர்க் சாப்பிட வைப்பான், பிறகு நிதிக் கணக்குகளைத் தோண்டித் தருவான். கடைசியில் விசாரணை அறை. அடியோ மிரட்டலோ இல்லாமல், எதிராளியின் கர்வத்தைத் தட்டிவிட்டு ஈவ் வாக்குமூலம் வாங்கும் அந்த அத்தியாயம்தான் உச்சக்காட்சி. துரத்தலும் சண்டையும் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும்.

கொலையாளி யார் என்பது கடைசிவரை மறைவாக இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கணிசமான நாவல்களில் அவன் யார் என்பதை ஆசிரியரே சீக்கிரம் காட்டிவிடுவார். ‘ரீயூனியன்’, பதின்மூன்றாவதான ‘செடக்‌ஷன்’ (2001) இரண்டும் அப்படி. அங்கே கேள்வி ‘யார்’ அல்ல, ‘அடுத்த ஆள் சாவதற்குள் பிடித்துவிடுவாளா’ என்பதுதான். புதிரை அவிழ்ப்பதில் மட்டும் சுவை காண்பவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

நடையில் ஒரு விஷயம் புதியவர்களைத் தடுமாறச் செய்யும். ஒரே காட்சிக்குள், ஒரு பத்தி ஈவின் மனதிலும் அடுத்த பத்தி ரோர்க்கின் மனதிலும் இருக்கும். இடைவெளிக் கோடு எதுவும் இருக்காது. ‘அவள் நினைத்தாள்’, ‘அவன் நினைத்தான்’ என்ற சிறு குறிப்பை விட்டுவிட்டால் யார் மனதில் நிற்கிறோம் என்பது தவறிவிடும். குழம்பினால் இரண்டு பத்தி பின்னால் போய்ப் பார்த்தால் போதும்.

சொற்களில் பல அந்த உலகத்துக்கே உரியவை. ‘லிங்க்’ என்றால் தொலைபேசி. ‘ஆட்டோஷெஃப்’ சொன்ன உணவைச் செய்து நீட்டும் இயந்திரம். ‘டிராய்ட்’ மனித உருவ ரோபோ. ‘இல்லீகல்ஸ்’ போதைப்பொருள், அவற்றில் ஒன்றின் பெயர் ‘சூஸ்’. ‘கிளைடு’ நகரும் நடைபாதை, ‘கிளைடு-கார்ட்’ சாலையோரத் தள்ளுவண்டிக் கடை. ‘எல்.சி.’ உரிமம் பெற்ற பாலியல் தொழிலாளி. ‘இ.டி.டி.’ ஃபீனியின் மின்னணுப் பிரிவு. ‘பிரைமரி’ என்றால் வழக்கின் பொறுப்பதிகாரி. ‘ஃப்ரீ-ஏஜர்’ இயற்கையோடு இயைந்து வாழும் ஒரு குழுவினர், பீபடியின் பெற்றோர் அவர்களில் சேர்ந்தவர்கள். ‘அன்ரெஜிஸ்டர்டு’ என்பது ரோர்க்கின் வீட்டிலுள்ள, அரசின் கண்காணிப்புக்குப் பிடிபடாத கணினிகள். அவற்றை எப்போது பயன்படுத்தலாம் என்பது கணவன் மனைவிக்குள் ஓயாத வழக்கு. இவ்வளவு தெரிந்தால் முதல் நாவலைத் தாண்டிவிடலாம். மற்றவை படிக்கப் படிக்கப் பழகிவிடும்.

அடுத்தடுத்துப் படித்தால்

ஆறேழு நாவல்களை ஒரே மூச்சில் படித்தால் சலிப்பு வரும். புதிதாக வருபவர்களுக்காக ஒவ்வொரு நாவலிலும் ஈவின் தோற்றம், ரோர்க்கின் செல்வம், இருவரின் கடந்தகாலம் ஆகியவற்றை ஆசிரியர் திரும்பச் சொல்கிறார். நகைச்சுவையும் திரும்ப வருவதே: விற்பனை இயந்திரங்கள் ஈவின் பணத்தை விழுங்கும், அவளுக்குக் கொடுக்கும் கார் நொறுங்கும், அலுவலகத்தில் ஒளித்து வைத்த சாக்லேட்டை எவனோ திருடுவான், சம்மர்செட்டோடு வாசலில் ஒரு வாய்ச்சண்டை. ஆண்டுக்கு இரண்டு முறை சந்திக்கும் வாசகருக்கு இவை பழகிய முகங்கள். வாரத்துக்கு இரண்டு படிப்பவருக்கு அலுப்பு. இரண்டு மூன்று படித்துவிட்டு, வேறு எதையாவது படித்துத் திரும்பி வருவது இந்த வரிசைக்குப் பொருந்தும். நாவல் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 350 முதல் 400 பக்கம்.

இது வயது வந்தவர்களுக்கான எழுத்து. கொலைகளின் விவரணை கடுமையானது, படுக்கையறைக் காட்சிகள் ஒவ்வொரு நாவலிலும் உண்டு. ஈவின் குழந்தைப் பருவம் தந்தையால் நேர்ந்த பாலியல் வன்முறையைப் பற்றியது, அது கனவுகளாக நேரடியாகவே எழுதப்பட்டிருக்கிறது. அந்த விஷயம் தாங்க முடியாதவர்கள் மேலே சொன்ன ஈவின் இழை நாவல்களைத் தவிர்க்கலாம், குறிப்பாக ‘ரீயூனியன்’, ‘நியூயார்க் டு டாலஸ்’. ஆனால் முதல் நாவலிலேயே அதன் நிழல் விழுந்துவிடுகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

வாசிக்க நேரமில்லாதவர்களுக்கு ஒலிநூல்கள் உண்டு, சூசன் எரிக்சன் வாசித்தவை. ரோர்க்குக்கு அவர் கொடுக்கும் ஐரிஷ் உச்சரிப்பும் பீபடிக்கும் மேவிஸுக்கும் கொடுக்கும் தனித்தனிக் குரலும், யார் பேசுகிறார்கள் என்ற தடுமாற்றத்தைப் பெருமளவு தீர்த்துவிடுகின்றன. ஆங்கில உரையாடலைக் காதால் பழக விரும்புபவர்கள், நூலைக் கையில் வைத்துக்கொண்டே முதல் இரண்டு மூன்று அத்தியாயங்களைக் கேட்டால், அந்தப் போலீஸ் கொச்சையின் தாளம் பிடிபட்டுவிடும். புதிய நாவல்கள் அண்மை ஆண்டுகளில் ஆண்டின் தொடக்கத்தில் ஒன்று, செப்டம்பர் வாக்கில் ஒன்று என்று வருகின்றன. 2025இல் வந்தவை ‘பாண்டட்’, ‘ஃப்ரேம்டு’.